கிங்ஸ்டன் நகரில் ஒரு மாணவி

ஜமெய்க்கா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு நினைவில் எழுவன கிரிக்கெட் ஆட்டமும் ஓட்டப் பந்தயமுமே. 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மாணவர் பரிமாற்ற முறையின் கீழ் ஓராண்டுக் கல்விக்காக அந்நாட்டின் தலைநகராகிய கிங்ஸ்டனுக்கு நான் புறப்பட்டபோது, எனக்குத் தெரிந்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். பயணப் பொதியில் இரண்டு இறாத்தல் தேயிலையும், ஒரு போத்தல் மிளகாய்த் தூளும், அம்மா வற்புறுத்தி வைத்த கம்பளிச் சட்டையும் இருந்தன. வெளிநாடு என்றால் குளிர் இருக்கும் என்பது அம்மாவின் முடிபு. அச்சட்டையை ஓராண்டில் ஒரே ஒரு நாள், நீல மலையில் ஏறிய இரவில் மாத்திரம் அணிந்தேன்.

கிங்ஸ்டன் நகரம் மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது. தெற்கே பெரிய இயற்கைத் துறைமுகம். அதற்கு அரண்போலப் பலிசேடோஸ் என்னும் மணற்றிட்டு நீண்டு வளைந்திருக்கிறது. விமானம் இறங்குவதும் அம்மணற்றிட்டின் மீதுதான். அதன் நுனியில் உள்ள போர்ட் ரோயல் பட்டினம் ஒரு காலத்தில் கடற்கொள்ளையர்க்கும் வணிகர்க்கும் உறைவிடமாய்ச் செல்வத்தில் திளைத்தது. 1692ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அதன் பெரும்பகுதி கடலுள் ஆழ்ந்தது. தப்பியவர்கள் எதிர்க்கரையில் குடியேறியதால் உண்டானதே கிங்ஸ்டன். நகருக்குப் பின்னால் நீல மலைத்தொடர் எழுகிறது. அதன் சிகரம் 2,256 மீற்றர் உயரமுடையது. எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்று சொல்லி அங்குள்ள நண்பர்களிடம் நான் பெருமை பேசியதுண்டு. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, முதல் நாட் காலையில் சாளரத்தைத் திறந்ததும் மலை தெரிந்தது பெரும் ஆறுதலாய் இருந்தது. அம்மலையிலே கோப்பி விளைகிறது. இலங்கையிலும் ஒரு காலத்தில் மலையெங்கும் கோப்பியே இருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்த பின்னரே தேயிலை வந்தது. என் பாட்டனாரின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தது கோப்பித் தோட்டத்துக்கே என்று வீட்டிற் சொல்வார்கள்.

பப்பீன் என்னும் பகுதியில், இளைப்பாறிய ஆசிரியையான ஒரு மூதாட்டியின் இல்லத்தில் எனக்கு அறை கிடைத்தது. சாளரங்களுக்கும் முன் விறாந்தைக்கும் இரும்புக் கிராதி அடித்திருந்தது. அந்நகரத்து வீடுகள் பலவும் அப்படியே. கிராதிக்கு வெளியே செவ்வரத்தையும் கறுத்த நீர்த்தொட்டியும். மழை குறைந்தால் குழாயில் நீர் நிறுத்தப்படும். எந்நாளில், எந்நேரத்தில் என்று முன்னரே அறிவிப்பார்கள். சில நாள்களில் அறிவிப்பின்படியும் நடக்கும். தோட்டத்துப் பீலியடியில் வாளியோடு வரிசையில் நின்று பழகியவளாதலால் எனக்கு இது புதுமையன்று.

புதுமையாயிருந்தது தேநீர்தான். முதல் மாலையில் அம்மையார், "மகளே, தேநீர் அருந்துகிறாயா?" என்று கேட்டார். நான் மகிழ்ந்து தலையசைத்தேன். வந்தது, எண்ணெய் மிதக்கும் கொக்கோப் பானம். மறுநாட் காலையில் வந்த தேநீர் புதினா இலையை அவித்த நீர். பின்னொரு நாள் தெருவோரக் கடையில் 'மீன் தேநீர்' என்று எழுதியிருக்கக் கண்டு திகைத்து நின்றேன். அது மீனும் வாழைக்காயும் இட்டுக் காய்ச்சிய ஒருவகைச் சாறு. சூடாகக் குடிப்பது எதுவாயினும் அந்நாட்டவர்க்குத் தேநீரே. நான் கொண்டு சென்ற தேயிலையைப் பாலும் சீனியும் சேர்த்து ஊற்றிக் கொடுத்தேன். அம்மையார் முழுவதையும் குடித்துவிட்டு, "நல்ல தேநீர், எந்த இலை?" என்று வினவினார். எங்கள் இலை என்றேன். என் அம்மா நாள்தோறும் கிள்ளும் இலை என்பதையும் சொன்னேன். அதன்பின் அவர் அப்பொதியை மேலோர் அலமாரியில் வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரமே எடுத்தார்.

இனி, வெளியே செல்வோம். கிங்ஸ்டனில் மஞ்சள் நிறப் பெரிய பஸ் வண்டிகளும் உண்டு. செந்நிற இலக்கத் தகடு பூண்ட வாடகைக் கார்களும் உண்டு. இவ்வாடகைக் கார் ஒருவருக்கென்று ஓடுவதன்று. குறித்த தடத்தில் பலரையும் ஏற்றிக்கொண்டு ஓடும். பின்னிருக்கையில் மூவர் இருக்க, நாலாமவர் கதவைத் திறப்பார். அப்போது சாரதி, "ஸ்மோல் அப் யுசெல்ஃப்" என்பார். உம்மைச் சிறிதாக்கிக்கொள்ளும் என்பது பொருள். நம்மூர்த் தனியார் பஸ்ஸில் 'உள்ளே போங்கள்' என்று நடத்துநர் கத்துவதைவிட இது எத்துணை நயமாய் இருக்கிறது! இடத்தை ஆக்கச் சொல்லவில்லை. நம்மையே குறைக்கச் சொல்கிறார்.

இந்தக் காரில் நான் பெற்ற முதற் பாடம் வேறு. ஒரு காலையில் ஒன்றும் பேசாமல் ஏறி அமர்ந்தேன். பக்கத்திலிருந்த மூதாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "நாம் ஒன்றாய்ப் படுத்தெழுந்தோமோ, காலை வணக்கம் சொல்லாமல் அமர்கிறாய்?" என்றார். எல்லோரும் சிரித்தனர், எனக்கு முகம் வெந்தது. காரில் ஏறினாலும் கடையில் நுழைந்தாலும், மருத்துவரின் வாயிலில் காத்திருப்போர் நடுவே சென்றாலும், முதலிற் பொதுவாய் ஒரு வணக்கம் சொல்லவேண்டும். சொல்லாதவர் வளர்ப்புச் சரியில்லாதவர். இருள் விழுந்தபின் "குட் நைற்" என்பது அங்கே விடைபெறும் மொழியன்று; வந்து சேரும்போது சொல்லும் வணக்கம். கடையை மூடப்போகிறார்கள் என்றெண்ணி நான் ஓரிரு முறை வாயிலிலேயே திரும்பியதும் உண்டு.

அம்மக்களின் பேச்சு மொழியைப் பட்வா என்பர். ஆங்கிலம் தெரிந்தவர்க்கு அது விளங்கும் என்று எண்ணுவது பெரும் தவறு. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோர், தம் பல மொழிகளின் இலக்கணத்தையும் ஓசையையும் எசமானரின் ஆங்கிலச் சொற்களோடு பிணைத்து ஆக்கிக்கொண்ட மொழி அது. உண்பதற்கு 'நியாம்' என்பர். நீங்கள் எனப் பலரை அழைக்க 'உனு' என்பர். இச்சொல் மேற்காபிரிக்க இக்போ மொழியிலும் உண்டு. இன்றைய ஆங்கிலம் ஒருவரையும் பலரையும் ஒரே சொல்லால் விளிக்க, இவர்கள் வேறுபடுத்தி விளிக்கிறார்கள். பள்ளிகளில் இம்மொழியை இழிவென்று ஒதுக்கிய காலம் நெடிது. லூயிஸ் பெனெற் என்னும் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் இதிலேயே பாப்புனைந்து மேடையேற்றி, இதற்கு மதிப்புத் தேடினார். 1967ஆம் ஆண்டில் இரு மொழியியலறிஞர் தொகுத்த ஜமெய்க்க ஆங்கில அகராதியும் வெளிவந்தது. வழியனுப்பும்போது அவர்கள் "வோக் குட்" என்பார்கள். நன்றாய் நட என்பது பொருள். 'போகிறேன்' என்பதை ஒதுக்கிப் 'போய்வருகிறேன்' என்னும் நமக்கு இது அயலாய்த் தோன்றவில்லை.

மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகம் பப்பீனை ஒட்டியது. 1948இல் இலண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாய்த் தொடங்கி, 1962இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகம் முன்னாளிற் கரும்புத் தோட்டம். ஆலைக்கு நீர் கொண்டுசென்ற கல்வாய்க்காலின் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அங்குள்ள தேவாலயம், வேறொரு தோட்டத்தில் 1799ஆம் ஆண்டளவில் எழுந்த பண்டகசாலையைக் கல் கல்லாய்ப் பிரித்து வந்து மீளக் கட்டியது. கரும்பு அடிமைகளின் கைபட்ட கற்கள் அவை. விரிவுரைகளுக்கு இடையே அக்கல்வாய்க்காலின் நிழலில் அமர்ந்து படிப்பது என் வழக்கமாயிற்று. லயத்துப் பிள்ளையான எனக்குத் தோட்டத்தின் இடிபாடு தனிமையைத் தரவில்லை.

என் வகுப்பில் திரினிடாட், பாபடோஸ், சென் லூசியா முதலிய தீவுகளின் மாணவர்களும் இருந்தனர். டொமினிக்காவிலிருந்து வந்த ஒருத்தி எனக்கு அடுத்த இருக்கையிற் படித்தாள். 2017 செப்ரெம்பர் 18ஆம் நாள் இரவு மரியா என்னும் சூறாவளி அவள் தீவைத் தாக்கியது. தொலைபேசி, மின்சாரம் யாவும் அற்றன. ஒருவரும் எடுக்காத அந்த எண்ணை அவள் நாள் முழுதும் அழைத்துக்கொண்டே இருந்தாள். எங்கள் மட்டக்களப்பிலே 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பெரியவர்கள் இன்றும் ஆண்டுக் கணக்கின் எல்லைக்கல்லாய்ச் சொல்வதை நான் அவளிடம் கூறினேன். ஆறுதலாகவன்று, வேறு சொல்லத் தெரியாமையால். ஆறாம் நாள் அவள் தாய் பேசினாள். கூரை போயிற்று, ஆட்கள் இருக்கிறார்கள். அன்று நாங்கள் எல்லோரும் வகுப்புக்குச் செல்லவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். 2025 ஒக்டோபர் 28ஆம் நாள் மெலிசா என்னும் சூறாவளி ஜமெய்க்காவின் மேற்குப் பகுதியைச் சிதைத்தது. அம்மையாரை நான் அழைத்து நலம் கேட்டேன். கிங்ஸ்டன் பெரும் சேதத்திலிருந்து தப்பியது. சரியாய் ஒரு மாதத்துக்குள் டித்வா புயலால் நம் மலைநாட்டில் மண் சரிந்தபோது அவர் என்னை அழைத்தார். "இப்போது என் முறை" என்றார்.

உணவைப் பற்றிக் கூறாவிட்டால் நேயர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். நாட்டின் தேசிய உணவு அக்கியும் உப்பு மீனும். அக்கி மேற்காபிரிக்காவிலிருந்து வந்த மரத்தின் கனி. செந்நிறத் தோடு மரத்திலேயே தானாய் வாய் திறக்கும்வரை அதைத் தொடலாகாது. முன்னரே பறித்தால் நஞ்சு. திறந்தபின் உள்ளிருக்கும் மஞ்சட் சதையை வேகவைத்து, உப்பு மீனோடும் வெங்காயத்தோடும் வதக்குவர். பார்வைக்கு முட்டைப் பொரியல் போலவே இருக்கும். கலலூ என்பது நம் தண்டுக்கீரை இனத்தது. ஈரப்பலாவை நாம் தேங்காய்ப் பாலிற் கறியாக்குவோம்; அவர்களோ முழுக்காயையும் நெருப்பிலிட்டுத் தோல் கரியாகும்வரை சுட்டுத் துண்டுபோட்டு உண்பர். பசிபிக் தீவாகிய தாகித்தியிலிருந்து அதை அடிமைகளுக்கு மலிவான உணவாகுமென்று 1793இல் கப்பலிற் கொண்டுவந்தவர் பிளை என்னும் கப்பற் தலைவர். முதன்முறை முயன்றபோது கப்பலாட்கள் கலகஞ்செய்து அவரையே படகில் ஏற்றி விட்டதும், அவர் பிழைத்து மறுமுறை சென்றதும் பலரும் அறிந்த கதை. மாங்கனியின் கதை இன்னும் சுவையானது. 1782இல் ஆங்கிலக் கடற்படை பிடித்த பிரெஞ்சுக் கப்பலொன்றில் மாங்கன்றுகள் இலக்கமிட்டு இருந்தன. பதினோராம் இலக்கக் கன்று செழித்தது. அவ்வகை மாம்பழத்தை இன்றும் சந்தையில் 'பதினொன்று' என்றே கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் கறுத்தக்கொழும்பானை உண்டவர்க்கு அது நாராய்த் தோன்றலாம். என் தீர்ப்பும் அதுவே.

ஆட்டுக்கறி அங்கே கலியாண வீட்டுக்கும் உரியது, சாவீட்டுக்கும் உரியது. கறி என்னும் நம் சொல் அப்படியே வழங்குகிறது. அச்சொல்லோடு கடல் கடந்த இன்னொரு சொல்லும் உண்டு. இப்பேச்சுக்கு நான் உடன்பட்டதே அதைச் சொல்வதற்காகத்தான்.

2018 பெப்ருவரி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் பப்பீன் சந்தைக்குச் சென்றிருந்தேன். நிலத்தில் விரித்த சாக்கின் மேல் சிறு சிறு குவியலாய், பச்சையும் பழுப்புமாய் ஒரு பழம். குனிந்து பார்த்தேன்: இலந்தைப்பழம். நுவரெலியா மாவட்டத்துக் குளிரில் அது விளைவதில்லை; விடுமுறைக்கு வவுனியாவில் மாமா வீட்டுக்குப் போகும்போது உண்டது. மகிழ்ச்சி மீறி, இதற்கு இங்கே என்ன பெயர் என்று விற்பவளைக் கேட்டேன். "கூலி ப்ளம்" என்றாள். சற்று நேரம் கழித்து என் முகத்தைப் பார்த்து, "உன்னுடைய பழம்தானே, கூலிப் பெண்ணே" என்றும் சேர்த்தாள்.

அவள் பகைமையோடு சொல்லவில்லை. அங்கே இந்திய வழியினரைப் பலர் அப்படியே சொல்வார்கள். நீண்ட கூந்தலைக் 'கூலி முடி' என்பார்கள். ஆயினும் என் கையிலிருந்த பழம் நழுவிற்று. நேயர்களே, என் பாட்டனார் அச்சொல்லைப் பதிவேட்டிற் பெயருக்குப் பக்கத்தில் சுமந்தவர். எங்கள் குடியிருப்புக்குக் 'கூலி லயம்' என்பது பெயர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்தவர்களுள் அவரும் ஒருவர், நாடற்றவராகவே இறந்தார். நகரத்துப் பாடசாலையொன்றில் நான் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு பிள்ளை அச்சொல்லை என்மேல் வீசிற்று. பத்தாயிரம் மைலுக்கு அப்பால், என்னை யாரென்றே அறியாத சந்தைக்காரி வாயில் அதே சொல் எப்படி வந்து காத்திருந்தது?

வீட்டுக்கு வந்து அம்மையாரிடம் சொன்னேன். அவர் ஆசிரியை அல்லவா? எனக்குத் தெரியாத பலவற்றைச் சொன்னார். 1838இல் அடிமைமுறை முற்றாய் ஒழிந்தபின், கரும்புத் தோட்டக்காரர் மலிவான உழைப்பைத் தேடினர். 1845 மே மாதம் 10ஆம் நாள் 'பிளண்டெல் ஹண்டர்' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரோடு ஓல்ட் ஹாபர் விரிகுடாவை அடைந்தது. 1917வரை ஏறக்குறைய 36,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாய் வந்திறங்கினர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறையிலிருந்து வந்தவர் சிலர். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேலைக்குப் பெறும் ஊதியம் என்பதே தமிழில் அச்சொல்லின் பொருள். ஆங்கிலத்துக்கு அது தமிழிலிருந்து போயிற்று என்று கொள்ளும் அறிஞர் உளர். ஊதியத்தைக் குறித்த சொல், ஊதியம் சரியாய்க் கிடைக்காத மனிதரைக் குறிக்கலாயிற்று. அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்களுக்கும் அவ்வாறு சில சொற்கள் உண்டு. அவற்றை நான் இவ்வீட்டில் உச்சரிப்பதில்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் அதே சாக்கின் முன் போய் நின்றேன். கோபமாய்ப் போகவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் அவளுக்கு முன்னே நின்றதும் வாயில் வந்தது, "இதற்கு என் மொழியில் இலந்தை என்று பெயர்" என்பதே. "எலண்டா" என்றாள். திருத்தினேன். மீண்டும் "எலண்டா" என்றாள். அதற்குமேல் என்னாலும் இயலவில்லை, அவளாலும் இயலவில்லை. ஒரு குவியலுக்குக் காசு கொடுத்தேன். மேலும் ஒரு கை அள்ளிப் பையிற் போட்டாள். கொசுறுக்கு அங்கே 'ப்ராட்டா' என்று பெயர். பிற்பாடும் அவள் என்னைப் பழைய பெயராலேயே அழைத்தாள் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் வந்தது. வன்செயல் மிகுந்ததால் ஜமெய்க்காவின் சென் ஜேம்ஸ் பகுதியில் ஜனவரி 18ஆம் நாள் முதல் அவசரகால நிலை நடப்பில் இருந்தது. அதைக் கேட்டு அம்மா அஞ்சி, நாள்தோறும் பேசுவார். கிங்ஸ்டனில் இரவு எட்டு மணி என்றால் ஹட்டனில் மறுநாட் காலை ஆறரை. கொழுந்துக்குப் புறப்படுமுன் அவருக்கு அதுவே நேரம். மார்ச் 6ஆம் நாள், கண்டி மாவட்டக் கலவரத்தை அடுத்து, இலங்கையிலும் அவசரகால நிலை பிறந்தது. மறுநாள் முதல் கைத்தொலைபேசிச் செய்திச் சேவைகள் தடைப்பட்டன. எட்டு மணிக்கு அம்மாவின் அழைப்பு வரவில்லை. கண்டியில் படித்துக்கொண்டிருந்த தோழியரும் மறுமொழி தரவில்லை. விறாந்தையிற் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் அம்மையார் தம் வீட்டுத் தொலைபேசியை நீட்டி, "நேரே எண்ணைச் சுழற்று, கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அம்மா எடுத்தார். எடுத்ததும் கேட்டது: "அங்கே ஊரடங்கு ஒன்றும் இல்லையே?"

சபைனா பார்க் மைதானத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று வாடகைக் காரோட்டி ஒருவர் என்னை வற்புறுத்தினார். 1958இல் சோபர்ஸ் ஆட்டமிழக்காது 365 ஓட்டங்கள் எடுத்த இடம். 2007 உலகக் கிண்ண அரையிறுதியில் நம் நாடு நியூசிலாந்தை வென்றதும் அங்கேதான். மஹேல ஜயவர்தனவின் 115 ஓட்டங்களையும் முரளிதரனின் நான்கு விக்கெட்டுகளையும் அவர் பந்துக்குப் பந்து ஒப்பித்தார். முரளியும் மலையகத் தமிழரே என்றபோது, அன்று எனக்குக் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

மே மாதம் 10ஆம் நாள், தேர்வு முடிந்த மறுவாரம், அம்மையாரோடு ஓல்ட் ஹாபர் விரிகுடாவுக்குச் சென்றேன். மீன்பிடிப் படகுகள் நிறைந்த சிறு கரை. இறால் தெரிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை உற்றுநோக்கினார். அவர் முகத்தை ஹட்டன் பஸ் நிலையத்தில் வைத்தால் ஒருவரும் திரும்பிப் பாரார். பேச்சோ தூய பட்வா. தம் பாட்டியின் தாய் மதராஸ்காரி என்றும், அவள் தனியே இருக்கும்போது பேசிய மொழியை வீட்டில் எவரும் கற்கவில்லை என்றும் கூறினார். அம்மொழியில் ஒரு சொல்லாவது தெரியுமா என்றேன். இல்லை என்று கையை விரித்தார். பின், "நீ பேசு, கேட்கிறேன்" என்றார்.

எனக்கு நா எழவில்லை. செய்யுள் சொல்வதா, பெயரைச் சொல்வதா? வீட்டுக்கு வருவோரிடம் அம்மா முதலிற் கேட்பது நினைவுக்கு வர, "சாப்பிட்டீங்களா, தாத்தா?" என்றேன். மறுபடியும் சொல்லச் சொன்னார், சொன்னேன். கண்களை மூடிக் கேட்டார். பொருளைக் கேட்டார்; சொன்னதும் வாய்விட்டுச் சிரித்து, இறாற் கூடையைப் பேரனிடம் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் வீடு கரைக்கு மிக அண்மையில். மகள் எங்கள் மூவருக்கும் தட்டில் சோறும் ஆட்டுக்கறியும் வைத்தாள். மஞ்சள் மிகுதி, மிளகாய் குறைவு, கொத்தமல்லி இருந்ததாய்த் தெரியவில்லை. முதியவர் தாம் உண்ணாமல் நான் உண்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையும் கறி கேட்டு வாங்கினேன்.